தண்ணீர் இருக்கும் பக்கம்

சென்ற வருடம் ஜூலை மாதத்தில் ஒரு நாள், நண்பகல் நெருங்கும் வேளை. கோப்பன்ஹேகன் நகரின் பழைய பகுதியில், வெயிலும் சனமும் நிறைந்த ஒரு கடைவீதியில், என் கணவர் என் பக்கத்திலிருந்து காணாமல் போனார்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் இருப்பது நகரத்துக்கு மேற்கே டோஸ்ட்ருப்பில். எண்பதுகளில் அகதியாகப் போனவள். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவளுடைய மகள், எனக்குப் பெறாமகள், அங்கேயே பிறந்தவள். தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். எங்களுக்காக மட்டும் தமிழைத் தேடித் தேடி எடுத்துப் பேசினாள்.

என் கணவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்தது. வலது கால் சற்று இழுபடும், கைத்தடி வேண்டும். நிதானமாக இருந்தால் நன்றாகக் கதைப்பார். பதறினால் சொல் நின்றுவிடும். அந்த நேரத்தில் தன் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியாது. நீரிழிவும் உண்டு. காலையில் ஊசி போட்டுக்கொண்டால் மதியச் சாப்பாடு தள்ளிப் போகக் கூடாது. போனால் வியர்த்து நடுங்கி விழுந்துவிடுவார். அவருடைய மருந்து, பிஸ்கட், கடவுச்சீட்டு எல்லாம் என் கைப்பையில் இருந்தன. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதுவும் என்னிடம்தான்.

அன்று முதலில் வட்டக் கோபுரத்துக்குப் போனோம். அந்தக் கோபுரத்தில், உச்சியில் சில படிகளைத் தவிர, படியே கிடையாது. அகலமான செங்கல் பாதை ஒன்று சுழன்று சுழன்று மேலே போகிறது.

“அத்தான், உங்கடை காலுக்கெண்டே ஒரு ராசா கட்டி வச்சிருக்கிறார்” என்றாள் தங்கை.

“ஒரு ராஜா இதிலை குதிரையோடை மேல போனவராம், பெரியப்பா” என்றாள் பெறாமகள்.

“அப்ப எனக்கேன் குதிரை பிடிக்கேல்லை? நடத்தியெல்லே கூட்டிக்கொண்டு போறியள்.”

“குதிரைக்கு டிக்கெட் கூட, அத்தான்.”

உச்சியில் காற்று பலமாக இருந்தது. சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு மேலே பச்சைப் பாசி பிடித்தாற்போலச் செம்புக் கோபுர முனைகள் நின்றன. எல்லோரும் கடல் எங்கே, சுவீடனுக்குப் போகும் பாலம் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெறாமகளிடம் கேட்டது வேறு.

“பிள்ளை, இதிலை எது வேதக்கோயில்?”

அவள் காட்டினாள். ஒரு கூரையைக் காட்டி, அது இப்போது தேவாலயம் இல்லை, ஓவியக் கண்காட்சி நடக்கும் இடம் என்றாள். இன்னொன்றைக் காட்டி, அது இன்னும் தேவாலயம்தான், நாங்கள் அடுத்துப் போகும் பக்கம் என்றாள். அவர் அதையே நெடுநேரம் பார்த்தார். கைத்தடியால் கூரைகளுக்கு நடுவே ஓடிய ஒரு சந்தின் வழியை மேலிருந்தே தொட்டுக்கொண்டு போனார்.

“என்ன, வேதத்துக்கு மாறப் போறியளோ?” என்று கேட்டேன்.

“இடம் தெரிஞ்சு வச்சிருக்கிறது நல்லதுதானே.”

சுற்றுலாப் பயணியின் ஆவல் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கி வந்து கடைவீதியில் நடந்தோம். சாப்பாட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மேளச்சத்தம் வந்தது. பெறாமகளுக்குச் சந்தோஷம்.

“பெரியம்மா, நல்ல நேரம் வந்திருக்கிறம்! அரண்மனைக் காவல் மாறப் போகினம். இந்த வழியாலைதான் நடந்து போறவை.”

வீதியில் நின்ற சனம் முழுவதும் சத்தம் வந்த பக்கம் திரும்பி ஓடியது. முன்னால் வந்த பொலிஸ்காரர்கள் இரண்டு பேர் கையை விரித்து எல்லோரையும் ஓரத்துக்குத் தள்ளினார்கள். பின்னால் படையினர். கரடித்தோலில் செய்த உயரமான கறுப்புத் தொப்பி, நீலக் காற்சட்டையில் வெள்ளைக் கோடு, தோளில் துப்பாக்கி. தொப்பிக்குக் கீழே இருந்தவை இருபது வயது முகங்கள். ஒருவனுக்குக் கன்னத்தில் பருக்கள். வழியில் நின்று படம் எடுத்த ஒரு பயணியைப் பார்த்து முன்னால் வந்தவன் அதட்டினான். சனம் சிரித்துக்கொண்டு விலகியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல் பாவிய தெருவில் ஒரே சீராக விழும் சப்பாத்துச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே முதுகுக்கு வந்துவிட்டது. இது வேடிக்கை, இது வேடிக்கை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்தேன். நீண்ட காலம் பத்திரிகை ஒன்றின் செய்திப் பிரிவில் இருந்தவள் நான். பயத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேலை இருந்தால் தாங்கிக்கொள்வேன். பக்கத்தில் கூட்டம் நெருக்கியது. யாரோ என் சேலைத் தலைப்பில் இடறினார்கள், உதறிவிட்டுக்கொண்டேன்.

படையினர் வளைவில் திரும்பினார்கள். சனம் அவர்களுக்குப் பின்னால் போனது. சற்று நேரத்தில் வீதி பாதி வெறிச்சாகிவிட்டது.

“அக்கா, அத்தான் எங்கை?”

“இஞ்சைதானே நிண்டவர்.”

“ரொய்லட்டுக்குப் போயிருப்பார்” என்றாள் தங்கை. இரண்டு பக்கத்துக் கடைகளிலும் புகுந்து பார்த்தோம். ஒரு சப்பாத்துக் கடை, ஒரு ஐஸ்கிறீம் கடை, ஒரு புத்தகக் கடை. எங்கும் இல்லை. பெறாமகள் ஓடிப்போய்ப் பொலிஸ்காரர் ஒருவரைப் பிடித்து வந்தாள். அவர் மரியாதையாகவே கேட்டார். என்ன உடுப்பு? சாம்பல் நிறச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை, கையில் தடி. நினைவு தடுமாறுமா? இல்லை. எந்தப் பக்கம் போனார்? நான் படையினரின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிஸ்காரர் வயர்லஸில் விபரம் சொல்லிவிட்டுப் போனார்.

பெறாமகள் கோபுரம் வரை திரும்பிப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். தங்கை என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

“அக்கா, நீங்கள் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. அவர் திரும்பி இஞ்சைதான் வருவார். நான் அந்தப் பக்கம் பாத்திட்டு வாறன்.”

“எந்தப் பக்கம்?”

அவள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைகளைப் பார்க்கவில்லை, ஆட்கள் உட்காரும் வாங்குகளைப் பார்க்கவில்லை. நேரே வீதி முடிவில் இருந்த சதுக்கத்தைக் கடந்து கால்வாய்ப் பக்கம் போனாள். போகப் போக நடை ஓட்டமானது. முதல் நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தன் வேலையிடத்தைப் பற்றி அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே முதியவர் யாராவது வெளியே போய்க் காணாமல் போனால், முதலில் தண்ணீர்க் கரையைத்தான் பார்ப்பார்களாம். அங்குள்ள கால்வாய்களில் பல இடத்தில் கம்பித் தடுப்புக் கிடையாது. கல் முடியும் இடத்தில் தண்ணீர் தொடங்கும். காலையில் அதைப் பார்த்து “என்ன வடிவு” என்று சொன்னவள் நான்தான்.

அவரைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. எப்படிக் கூப்பிடுவது? கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “இஞ்சருங்கோ” என்பதுதான் என் வாயில் அவருக்குப் பெயர். அந்த வீதியில் நின்று “இஞ்சருங்கோ” என்று இரண்டு தரம் கத்தினேன். ஐஸ்கிறீம் வைத்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தரம் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

எங்கோ அம்புலன்ஸ் சத்தம். அது நெருங்குகிறதா, விலகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விலகியது. கைகளுக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும் என்று தொலைபேசியை எடுத்தேன். அப்போதுதான் நான் பிடித்த படம் ஞாபகம் வந்தது.

ஓடவிட்டேன். மேளம், தொப்பிகள், துப்பாக்கிகள். பிறகு படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு கை வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறது. அந்தக் கைக்கடிகாரம் எனக்குத் தெரியும். படம் ஆடுகிறது, நான் உதறுகிறேன். அடுத்த கணம் சாம்பல் நிறச் சேட்டு ஒன்று கூட்டத்தை ஊடறுத்துப் பின்னால் போய், வலது பக்கத்துச் சந்துக்குள் திரும்புகிறது.

செய்தியில் கண்டது எது, ஊகம் எது என்று பிரித்து எழுதப் பழகியவள் நான். கண்டது இவ்வளவு: அவர் தடுமாறவில்லை. அங்குமிங்கும் பார்க்கவில்லை. இழுபடும் காலை இழுத்துக்கொண்டு, போகும் இடம் தெரிந்தவரைப் போல வேகமாகப் போனார். நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்துத்தான் போயிருக்கிறார்.

ஊகம் அதற்குப் பிறகு தானாக வந்தது. தங்கைக்குத் தெரியாத ஒரு விதி எங்கள் வீட்டில் இருந்தது. அவள் நாட்டை விட்டுப் போய்ப் பல வருடங்களின் பின், போர் நெருங்கி ஊர் முழுவதும் ஒரே வீதியால் வெளியேறிய காலத்தில் அவர் வைத்த விதி. ஆமியைக் கண்டால் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஆள் பிரிந்தால் பிரிந்த இடத்தில் நிற்கக் கூடாது. அடுத்த ஷெல் அங்கேதான் வரும். கிட்ட இருக்கும் கோயிலுக்குப் போக வேண்டும். சைவக்கோயிலோ வேதக்கோயிலோ, எது கிட்டவோ அது. கோயில்களிலும் குண்டு விழுந்தது. பாதுகாப்பு என்று நம்பி யாரும் போகவில்லை. முன்பின் தெரியாத ஊரிலும் யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்கக்கூடிய கட்டடம் அது. அதற்காகத்தான் போனோம்.

எது வேதக்கோயில் என்று அவர் கோபுரத்தில் கேட்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தங்கைக்கு அழைத்தபடியே நடந்தேன். “நான் சந்துக்குள்ளை போறன்” என்றேன்.

“அக்கா, அசையாதேங்கோ எண்டெல்லே சொன்னனான்! இப்ப நீங்களும் துலையப் போறியளோ?” அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் தண்ணீரில் படகுச் சத்தம் கேட்டது.

சந்து ஒடுங்கியது. கடைகள் இல்லை. சுவரோரம் முழுக்கச் சைக்கிள்கள். வெயில் அங்கே விழவில்லை. கொஞ்ச தூரத்தில், ஒரு யன்னல் கம்பியில், அவருடைய கைத்தடி தொங்கியது.

அந்த ஊரில் கீழே விழுந்த பொருளைக் கண்டால், சொந்தக்காரரின் கண்ணில் படட்டும் என்று உயரத்தில் கொழுவிவிட்டுப் போவார்கள். வேலிகளில் ஒற்றைக் கையுறை, குழந்தையின் தொப்பி என்று பெறாமகள் எனக்குக் காட்டியிருக்கிறாள். அந்த நேரத்தில் அது ஒன்றும் நினைவில் வரவில்லை. தடி இங்கே என்றால் ஆள் எங்கே? விழுந்தாரா? தூக்கிக்கொண்டு போனார்களா? அந்த அம்புலன்ஸ்? தடியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். பிடியில் இன்னும் ஈரம் இருப்பதாகத் தோன்றியது. என் கையின் ஈரமாகவும் இருக்கலாம். மறுபடியும் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன்.

சந்தின் முடிவில் தேவாலயம். செங்கல் கட்டடம், பக்கத்தில் மரங்கள் நிற்கும் சின்னத் தோட்டம். வாங்குகளில் ஆட்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உள்ளே ஓடினேன். இருட்டும் குளிரும். மெழுகுதிரிகள் எரிந்தன. முன் வரிசையில் ஒருவர் குனிந்திருந்தார், அருகே போனேன், அவர் நிமிர்ந்தார், வேறு யாரோ. வெளியே வந்து தோட்டத்தின் நடுவே நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சாப்பிட்டவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

அவர் சாப்பிடவேண்டிய நேரம் கடந்துவிட்டிருந்தது. அதற்கு மேல் எங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை. என் ஊகம் பிழை, தங்கை போன திசைதான் சரி என்று நினைத்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

தண்ணீர் என்ற அந்த நினைப்பில்தான் விதியின் மறுபாதி வந்தது. கோயில்களில் அப்போது ஆயிரக்கணக்கில் சனம் இருந்தது; கோயில் என்று மட்டும் சொல்லி வைத்தால் ஆளைக் காண முடியாது. அதனால் கிணற்றடி என்று சொல்லி வைத்திருந்தோம். யாரென்றாலும் ஒரு தடவை தண்ணீருக்கு வந்துதானே ஆகவேண்டும்? அந்த இடப்பெயர்வில் நாங்கள் பிரிந்தோம். கிணற்றடியில்தான் அவரைத் திரும்பவும் கண்டேன்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவரோரம் ஒரு தண்ணீர்க் குழாய். கீழே பூமரங்களுக்கு ஊற்றும் பச்சை வாளி. ஒருவரும் இல்லை. குழாய்க்கு அப்பால் சுவர் ஒரு மூலையாக மடிந்தது. அதன் முன்னால் அடர்த்தியான செடிகள். கத்த எனக்குக் குரல் இல்லை. வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல, கூப்பிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயிலிருந்து வந்தது:

“இஞ்சருங்கோ...”

“ம்” என்றது மூலை.

செடிகளுக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. ஆனால் நினைவு இருந்தது. பக்கத்தில் பாதி குடித்த ஒரு பழச்சாற்றுப் போத்தல். யாரோ ஒரு பெண் குழாயடிக்கு வந்தவள், அவருடைய நிலையைக் கண்டு தன் சாப்பாட்டுப் பையிலிருந்து அதையும் ஒரு பணிஸையும் கொடுத்துவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார். அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. அவள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அந்தச் சாறு இல்லாவிட்டால் நான் எந்த நிலையில் அவரைக் கண்டிருப்பேன் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

மற்றப் பக்கத்தில், நிலத்தில், தன் கைலேஞ்சியை நான்கு மூலையும் இழுத்து விரித்து வைத்திருந்தார். கோயில்களில் இடம் பிடிப்பது அப்படித்தான். ஒரு துணியை விரித்தால் அங்கே ஒரு ஆள் வரப்போகிறது என்று அர்த்தம். எவ்வளவு நெருக்கத்திலும் வேறு யாரும் அதில் இருக்கமாட்டார்கள். அதன் நடுவில் அரைவாசிப் பணிஸ் இருந்தது.

நான் அந்த இடத்தில் இருந்தேன். சொல் திரும்பி வர அவருக்கு நேரம் எடுத்தது. வந்தபோது மெதுவாகக் கேட்டார்.

“எங்கையப்பா போனனீர்? ஆமி... போயிட்டுதோ?”

“ஓம். போயிட்டாங்கள்.”

நான் அழைத்துச் சொல்ல, தங்கையும் பெறாமகளும் வந்து சேர்ந்தார்கள். தங்கையின் சேலைக்கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. எங்கே இறங்கிப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. “அத்தான், இனி உங்களைக் கயித்திலை கட்டித்தான் கூட்டிக்கொண்டு போவன்” என்று ஏசிக்கொண்டே அழுதாள். பெறாமகள் குந்தியிருந்து அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

“பெரியப்பா, பெரியம்மா உங்கடை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ. வரேக்கை எனக்கே கேட்டது. ஏன் பதில் சொல்லேல்லை?”

அவர் என்னைப் பார்த்தார். “அது... நீரோ?”

பிறகு அவளுக்குச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. “பேர் சொல்லிக் கூப்பிட்டா... போகக் கூடாது, பிள்ளை. உள்ளுக்கை... போயிட வேணும்.”

சந்தில் கைநழுவிய தடியை எடுக்கவும் நிற்காமல் வந்து, முதலில் அவர் வாங்கில்தான் இருந்திருக்கிறார், எல்லோர் கண்ணிலும் படும்படி. வீதியில் யாரோ தன் பெயரைக் கத்துவது கேட்டிருக்கிறது. ஆமியின் சுற்றிவளைப்புகளில் பெயரைக் கூப்பிட்டு எழுப்பி அழைத்துப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். தன் மனைவி தன் பெயரைச் சொல்லமாட்டாள் என்பதும் அவருக்கு நிச்சயம். நான் சத்தம் போடப் போட அவர் செடிகளுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கியிருக்கிறார். அவரைத் தேடி நான் எழுப்பிய குரலே அவரை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தது.

அந்த நேரம் தூரத்தில் மறுபடியும் மேளம் கேட்டது. காவல் முடித்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். பெறாமகள் எழுந்து வீதிப் பக்கம் பார்த்தாள். பிறகு வந்து, தன் நல்ல வெள்ளைக் காற்சட்டையோடு, அவருக்கு மற்றப் பக்கத்தில் மண்ணில் இருந்துகொண்டாள். சத்தம் ஓயும் வரை நாங்கள் நான்கு பேரும் அப்படியே இருந்தோம்.

மிகுதி நாட்களிலும் ஊர் பார்க்கப் போனோம். ரயிலை விட்டு இறங்கியதும் பெறாமகள் தாயைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத் தமிழில் கேட்பாள்: “பெரியப்பா, இண்டைக்கு எது கோயில்?” அவர் கையால் காட்டுவார். “தண்ணி எங்கை?” அதையும் காட்டுவார். அதற்குப் பிறகுதான் நடப்போம்.

இப்போது யாழ்ப்பாணத்தில், எங்கள் சொந்த வீட்டுக்குள், அடுத்த அறையில் இருப்பவரை “இஞ்சருங்கோ” என்று கூப்பிட்டுவிட்டு அந்த ஒற்றை “ம்” வரும் வரை நான் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறேன். யுத்தம் முடிந்த நாட்டில் எனக்குத் தெரிந்த பாதுகாப்பு இன்றைக்கும் அவ்வளவுதான்.